மேல் கம்பிகள்

இந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்க வருகிற எவனும் நோயாளியைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறான், கட்டில் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுகிறான், அப்புறம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். படுத்திருப்பவள் காதுபடவே "டாக்டர் இன்னும் எவ்வளவு நாள்னு சொல்றார்?" என்று கேட்கிறான், என்னவோ மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி. டீயைக் குடித்து முடித்ததும் கால் தானாக அலமாரிப் பக்கம் போகிறது. அங்கே வரிசையாக நிற்கிற குட்டி விமானங்களைக் கண்டதும் தொங்கிய முகம் மலர்ந்துவிடுகிறது. "அட, இதெல்லாம் நீங்களே செஞ்சதா?" கேட்டுக்கொண்டே விரலை நீட்டுகிறான். கண்ணால் பார்க்கிற வழக்கம் இவர்களுக்கு விட்டுப்போய்விட்டது. எல்லாவற்றையும் விரலால்தான் பார்ப்பார்கள்.

அதனால், அன்றைக்குச் சாயங்காலம் மேசைமேல் இருந்த இரட்டை இறக்கை விமானத்தில் ஒரு கம்பி மாறியிருந்ததைப் பார்த்ததும் ஸ்பானர் விருந்தாளிகளைத்தான் திட்டினார். வாய்க்கு வந்தபடி பாதி திட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாருமே வரவில்லை. காலையிலிருந்து விடாத மழை.

ஸ்பானர் என்பது பஸ் டெப்போவில் வைத்த பெயர். பிரேக் வேலை பார்த்தவர். படிப்பு கையெழுத்தோடு சரி. யார் எதைச் சொன்னாலும் தானே போய் முடுக்கிப் பார்த்தால்தான் நம்புவார் என்பதால் அந்தப் பெயர். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த புதிதில், இவர் குழாயையும் மின்விசிறியையும் மாற்றி மாற்றிக் கழற்றிப் போட்டதில் வீட்டுக்காரிக்குப் பைத்தியம் பிடிக்கிற நிலைமை. கடைசியில் மகள்தான் ஒரு அட்டைப்பெட்டியை வாங்கி வந்து கொடுத்தாள். உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு துண்டான விமானம். வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூசி முடித்தபோது உள்ளங்கையில் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்தக் கிறுக்கு.

"காலமெல்லாம் பஸ்ஸைக் கழட்டுனீங்க, இப்ப கொசுவுக்கு எலும்பு ஒட்டுறீங்களா?" என்பாள் வீட்டுக்காரி. கூட்டும்போது ஏதாவது சக்கரம் கிடைத்தால் விளக்குமாற்று நுனியில் தள்ளிக்கொண்டு வந்து இவர் காலடியில் விடுவாள். "இந்தாங்க, உங்க கொசு கால உதறிட்டுப் போயிடுச்சு."

அந்த வாய் அடைத்துப்போய்ப் பல மாதம் ஆகிறது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவள் குளியலறை வாசலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது கண் மட்டும்தான். மிச்சமெல்லாம் தூக்கி வைத்த இடத்தில் கிடந்தது. மூக்கில் குழாய், அதில் பால். கண் திறக்கும், மூடும், அறைக்குள் யாராவது நடந்தால் பின்னாலேயே வரும். அதில் புத்தி இருக்கிறதா என்று கேட்டால் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஸ்பானர் அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பதை விட்டுவிட்டார். அழுகையும் வரவில்லை. உள்ளே ஏதோ ஒரு இடம் ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துப்போய்விட்டது; கடித்துப் பார்த்தாலும் வலி தெரியாத மாதிரி. விடியும், துணி மாற்றுவார், புரட்டிப் படுக்கவைப்பார், அப்புறம் கூடத்தில் ஜன்னலோரம் இருந்த மேசைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு விமானத்தில் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாகக் கட்டிலின் கால்மாடு தெரியும். போர்வைக்குள் இரண்டு பாதங்கள் மேடாக.

இரட்டை இறக்கை விமானத்துக்குக் கம்பிதான் உயிர். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் நாலு குச்சி. குச்சியை நம்பி எவனும் பறந்ததில்லை, கம்பியை நம்பித்தான் பறந்தான். மேலே நடுவிலிருந்து சரிவாக இறங்கி இறக்கை நுனியைத் தூக்கிப் பிடிக்கிற கம்பிகள் ஒரு வகை. தரையில் நிற்கும்போது இறக்கை தொங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. ஸ்பானர் அவற்றை மேல் கம்பி என்பார். வயிற்றடியிலிருந்து சரிவாக ஏறி நுனியைக் கீழே இழுத்துப் பிடிப்பவை இன்னொரு வகை. காற்று இறக்கையைப் பிய்த்து மேலே கொண்டுபோகாமல் தடுப்பவை. அவை கீழ்க் கம்பி. மேலே ஒன்று கட்டினால் கீழே ஒன்று கட்ட வேண்டும். ஒரு வகையை மட்டும் கட்டி முறுக்கினால் இறக்கை அந்தப் பக்கமே வளைந்துபோகும். இது வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

குட்டி விமானத்துக்குக் கம்பியாக அவர் ஒரு மெல்லிய ரப்பர் நூலைப் பயன்படுத்துவார். இந்தத் தடவை கம்பி கட்டத் தொடங்குவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. கடைக்காரன் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காதில் பூ சுற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில், வீட்டுக்கு வந்து கவனித்துவிட்டுப் போகிற நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்காரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் கொத்தாக முடி. நீளமான, பாதி நரைத்த முடி. ஸ்பானர் ஒன்றை உருவி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கனம் அளவெடுத்த மாதிரி இருந்தது. இழுத்தார். அறுந்துபோகவில்லை.

"முடிய வச்சு என்னய்யா பண்ணப் போறீங்க?" என்றாள் நர்ஸம்மா.

"கம்பி."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா பதில் சொல்லிடுவாளா?"

நர்ஸம்மா சிரித்தாள். கட்டிலில் இருந்த கண் சிரிக்கவில்லை; ஸ்பானரின் கையிலிருந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே ஒரு முடியை மேல் கம்பியாகக் கட்டினார். சரியாக நிற்கவில்லை, தொய்ந்தது. மழைக்காலம், வேறு எப்படி இருக்கும்? முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். வெயில் வரட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

யாருமே வராத அந்த மழை நாளில் மாறியிருந்தது அந்தக் கம்பிதான். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சுவரில் ஈரம் ஊறி சுண்ணாம்பு வாடை அடித்தது, மேசை இழுப்பறைகூட உப்பிப்போய்த் திறக்க மறுத்தது. அந்த ஈரத்தில் தொங்கியிருக்க வேண்டிய முடி, இழுத்துக் கட்டிய தந்தி மாதிரி விறைத்து நின்றது.

ஸ்பானர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். இடுக்கி முனையால் அதை லேசாகத் தட்டினார்.

ங்ம்ம்.

அவருக்குக் காது மந்தம். டெப்போவின் கம்ப்ரசர் சத்தம் பாதிக் காதைத் தின்றிருந்தது. அழைப்பு மணிகூடச் சில நாள் கேட்காது. ஆனால் இது கேட்டது. காதில் கேட்ட மாதிரி இல்லை, பல்லில் கேட்டது. கூடவே உள்ளறையிலிருந்து ஒரு சின்னச் சரசரப்பு. துணி நகர்கிற சத்தம்.

போய்ப் பார்த்தார். அவள் எப்போதும் போல மல்லாந்து கிடந்தாள். வலது கை போர்வைமேல். அந்தக் கையில் ஆட்காட்டி விரல் மட்டும் மேலே நிமிர்ந்து நின்றது.

ஸ்பானர் கட்டிலோரம் குனிந்தார். பிறகு தன் விரலை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். இறங்கியது. கையை எடுத்தார். விரல் மறுபடி எழுந்தது. அவசரமில்லாமல்.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தார். இருந்த இடத்தில் அது இல்லை.

மறுநாள் விரலைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா சத்தம் போட்டே ஊரைக் கூட்டிவிட்டாள். உடற்பயிற்சி கொடுக்க வருகிறவன் பாதத்தைத் தட்டி, முழங்கையை மடக்கி, "நல்ல அறிகுறி சார், விட்டுடாதீங்க" என்றான். சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். அவள் வேறு ஊரில் இருந்தாள். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் அம்மாவுக்கு இடம் பேசி வைத்திருந்தாள்.

"அப்பா, நெசமாவா? அசையுதா?"

"விரலுதான்."

"விரல் போதும்பா. டாக்டர்கிட்ட கேக்கறேன். ஆனா சொல்லிட்டேன், நான் வர்றதுக்குள்ள இன்னும் கொஞ்சம் முன்னேற்றம் தெரியணும். இல்லன்னா கூட்டிட்டு வந்துடுவேன். உங்களால தனியா முடியாது. போன வாரம் நீங்களே விழுந்தீங்க."

"விழல. உக்காந்தேன்."

"குளியலறைத் தரையிலயா?"

"என் வீட்டுத் தரை. எங்க வேணும்னாலும் உக்காருவேன்."

 ஸ்பானர் போனை வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். அவளைக் கொண்டுபோய்விட்டால் அந்த அறையில் என்ன இருக்கும்? நாலு சுவர், மருந்து வாடை. காலையில் எழுந்து யாருக்குத் துணி மாற்றுவது? அந்த நினைப்பு மட்டும் மரத்துப்போன இடத்தையும் தாண்டி எங்கேயோ குத்தியது.

மேசைக்குப் போனார். இன்னொரு முடியை எடுத்தார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முடியைக் கட்டினால் கை எழுமா? அப்படிச் சொல்கிறவனை டெப்போவில் டயருக்குள் உட்காரவைத்து உருட்டியிருப்பார்கள். சும்மா பார்க்கத்தான் கட்டினார். இடது பக்கம் மேல் கம்பி. முடிச்சில் பசை காய்வதற்குள் உள்ளே சரசரப்பு. இடது கை. மணிக்கட்டு மேலே, விரல்கள் கீழே தொங்கியபடி.

சில நாள் வேண்டுமென்றே விமானத்தைத் தொடாமல் இருந்தார். கட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்தது எழுந்த அளவிலேயே நின்றது. திரும்பத் தொட்டார். முழங்கால். அடுத்தது, இன்னொரு முழங்கால். போர்வை கூடாரம் மாதிரி எழும்பியது. பயிற்சிக்காரன் கையைக் குலுக்கினான். "சார், என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்ல!" ஸ்பானர் அவன் முகத்தையே பார்த்தார். அவனுடைய பயிற்சிதான் காரணம் என்று அவன் நம்பினான். ஏன், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வேறென்ன?

நர்ஸம்மாவின் வாய் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. முன்னெல்லாம் வந்ததும் "உங்க ஏரோப்ளேன் எப்பய்யா கிளம்புது, எனக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டுப் போடுங்க" என்பாள். இப்போது கூடத்தில் மேசையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக நடந்து உள்ளே போனாள். ஒரு நாள் மத்தியானம், உடம்பு துடைத்துவிட்டு வந்தவள், நனைந்த துணியைப் பிழிந்தபடியே நின்றாள். தண்ணீர் சொட்டி முடித்தும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"எத்தனையோ பேர எழுப்பி நடக்க வச்சிருக்கேன். மனுஷன் தானா கைய தூக்குனா முதல்ல சதை இறுகும். தோளு இறுகும். அதுக்கப்புறம்தான் கை எழும்பும். அம்மாவுக்குச் சதை இறுகவே இல்ல. கொழகொழன்னு அப்படியே இருக்கு. மணிக்கட்டுல பாருங்க, தோலு மட்டும் கூம்பி நிக்குது."

"அதனால?"

"அம்மா அசையலய்யா." குரலைத் தாழ்த்தினாள். "யாரோ இழுக்கறாங்க."

"நீ பாட்டுக்கு எதையாவது உளறிட்டு இரு."

"சீப்புல முடி கொட்டறதும் நின்னு போச்சு, கவனிச்சீங்களா? ஒண்ணுகூட வரல. தலைய வாரும்போது அம்மா கண்ணுல தண்ணியா ஊத்துது. எனக்குப் பயமா இருக்குய்யா."

வீட்டுச் சாவியை மேசையில் வைத்தாள், விமானத்தின் மேல் நிழல்கூடப் படாத தூரத்தில். மறுநாளிலிருந்து வரவில்லை. வேலைக்கு வர மனசில்லாதவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள் என்று ஸ்பானர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போய் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தார். தோல் கூம்பித்தான் நின்றது. கொக்கியில் மாட்டிய துணி மாதிரி, நடுவில் ஒரு புள்ளி உயர்ந்து, சுற்றிலும் சுருக்கம். புள்ளிக்கு மேலே ஒன்றுமில்லை. கையை விட்டு அளைந்து பார்த்தார். காற்றுதான்.

காற்று கொஞ்சம் அதிர்ந்த மாதிரி இருந்தது.

மகள் மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொன்னாள். நர்ஸ் நின்றுவிட்டதைக் கேட்டதும் அவள் குரல் மாறியிருந்தது. "அப்பா, நான் வண்டி பேசிட்டுத்தான் வர்றேன். அம்மா எழுந்து உக்காந்தாங்கன்னா சரி, இங்கேயே விடுறேன். வெறுமன கை கால் தூக்கறத வச்சு நான் எப்படி உங்கள நம்பி விட்டுட்டுப் போறது?"

எழுந்து உட்கார வேண்டும். அதாவது முதுகு. கழுத்து.

சீப்பில் முடி இல்லை. டப்பாவில் எடுத்து வைத்ததும் தீர்ந்துபோயிருந்தது. ஸ்பானர் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பல மாதத்துக்குப் பிறகு அவள் கண்ணை நேராகப் பார்த்தார். வெள்ளையில் ரத்தம் கோத்திருந்தது. கை இரண்டும் மேலே, முழங்கால் இரண்டும் மேலே, நடுவில் அந்தக் கண். அது அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கதவைத் தாண்டி மேசையைப் பார்த்தது. மறுபடி அவர் முகத்தை. கண் மட்டும்தான் தானாக நகர்ந்தது. சதை இறுகி, இமை நடுங்கி, மனுஷக் கண் நகர்கிற மாதிரி.

"உன்னை அனுப்ப மாட்டேன்," என்றார் ஸ்பானர்.

கண் மூடியது. இறுக்கி மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. வேண்டாம் என்று அர்த்தம் இருக்கலாம். வெறும் இமைப்பாகவும் இருக்கலாம். டாக்டர்களுக்கே தெரியாதாம், இவருக்கு எப்படித் தெரியும்?

உச்சந்தலையில் நீளமாக ஒன்றைப் பார்த்து விரலில் சுற்றிப் பிடுங்கினார். லேசில் வரவில்லை. வேர் ஆழமாக இருந்தது. தலை மொத்தமும் தலையணையிலிருந்து எழும்பி, முடி வந்ததும் தொப்பென்று விழுந்தது. அவருக்குள் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துண்டால் ஒற்றி எடுத்தார். இன்னொன்று. வேரோடு வந்த முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ். கதகதப்பு.

மேல் கம்பிக்கு மட்டும் போதுமான அளவு சேர்ந்தது. கீழ்க் கம்பிக்கும் வேண்டும். மேலே ஒன்று என்றால் கீழே ஒன்று. தெரியும். காலம் காலமாக அவர் கையே அதைச் செய்யும். ஆனால் இன்னும் அத்தனையைப் பிடுங்குவதற்கு அவர் விரல் மறுத்துவிட்டது, கடைக்காரன் நூலும் வரவில்லை, மகள் நாளைக்கு வந்துவிடுவாள். கீழ்க் கம்பி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எழுந்து உட்காரட்டும்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தார். தெருவில் பஸ் போகும்போது கண்ணாடி அதிர்ந்தது. யாரோ எங்கேயோ குக்கரைத் திறந்தார்கள். பசை வாடை மூக்கைச் சுட, இடுக்கியில் முடியைப் பிடித்து, நூலும் நுழையாத துளைக்குள் நுழைத்து, இழுத்து, ஒட்டி, மூச்சை அடக்கிக் காத்திருந்து, அடுத்ததை எடுத்து, அதையும் நுழைத்து, கை நடுங்காமல், மனசில் எதுவும் ஓடாமல், ஏதோ பழைய பஸ்ஸின் அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பது போல அவர் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போனார். கடைசி முடிச்சு விழுந்தது. நிமிர்ந்தார்.

ங்ம்ம்ம்.

தொடவில்லை. தானாகவே.

குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்தார். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். பெட்டி உறுமி ஓய்ந்தது. ங்ம்ம்ம் நிற்கவில்லை. மின்விசிறியை அணைத்தார். நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார். தெருச் சத்தம் போயிற்று. இது போகவில்லை. பல்லில். கன்னத்து எலும்பில்.

மேசைக்குத் திரும்பினார்.

இறக்கைகள் வளைந்திருந்தன. நுனி இரண்டும் மேலே. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம். பிளாஸ்டிக் வெளுத்தது. முடி ஒவ்வொன்றும் விறைப்பு. எதிர்ப்பக்கம் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. ஒரு கம்பிகூட இல்லை.

உள்ளே கட்டில் முனகியது.

பாரம் ஏறும்போது ஒரு மாதிரி முனகும் அது. இறங்கும்போது வேறு மாதிரி. இது இறங்குகிற சத்தம்.

ஸ்பானர் மடக்குப் பிளேடைத் தேடினார். மேசையிலேயே இருந்தது. எடுத்தார். கம்பியில் வைத்தார். வைத்தவர் நின்றார். அறுத்தால்? எல்லாம் ஒரேயடியாக அறுந்தால்? தூக்கி வைத்தது தொப்பென்று விழுந்தால்? அவள் தலை தலையணையில் விழுந்த சத்தம் ஞாபகம் வந்தது. பிளேடு முடியில். கை அசையவில்லை.

வாசலில் சாவி திரும்பியது.

"அப்பா?" மகளின் குரல். "மணி அடிச்சேன், கேக்கலயா? என்னப்பா இது, ஜன்னலெல்லாம் சாத்தி வச்சிருக்கீங்க? அம்மா எப்படி..."

பாதியில் நின்றது. கைப்பை விழுந்தது.

ஸ்பானர் திரும்பவில்லை. மகள் அவரைத் தாண்டி ஓடினாள். உள்ளறையிலிருந்து கேவல் வந்தது. கேவல் இல்லை. சிரிப்பு. இரண்டும் கலந்து.

"அப்பா! இங்க வாங்கப்பா! அம்மா நிக்கறாங்கப்பா! உக்காரச் சொன்னா நின்னுட்டாங்க!"

பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் வரை போனார்.

கட்டில் காலி. போர்வை தரையில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் நின்றாள். முதுகு நேராக. கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, நுனி மட்டும் மேலே வளைந்து. தலைமுடி முழுக்க ஒவ்வொரு இழையாகப் பிரிந்து, கூரையைப் பார்த்து நேராக. மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மார்பில் முகம் புதைத்திருந்தாள். விரிந்த கைகள் அவளைத் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா, என்னைத் தெரியுதாம்மா? அப்பா, சிரிக்கறாங்கப்பா, பாருங்க!"

வாயின் இரண்டு ஓரமும் மேலே ஏறியிருந்தது. தோல் கூம்பி, இரண்டு புள்ளியாக. பல் தெரிந்தது. ஈறும். அதற்கு மேலே அந்தக் கண், மகளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது. அவர் கையிலிருந்த பிளேடைப் பார்த்தது. மறுபடி அவரை. நீர் நிற்காமல் ஓடிச் சிரிப்புக்குள் இறங்கியது.

"இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகலப்பா," மகள் அழுதுகொண்டே சொன்னாள். "வண்டிய திருப்பி அனுப்பிடறேன். இங்கேயே இருக்கட்டும். உங்ககூடவே இருக்கட்டும்."

ஸ்பானர் பிளேடை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"எங்கப்பா போறீங்க?"

"டீத்தூள் இல்ல."

செருப்பை மாட்டும்போது குனிந்தவர் கண்ணில், கதவிடுக்கு வழியாக, உள்ளறையின் தரை பட்டது. ஜன்னல் வெயில் அதில் விழுந்திருந்தது. மகளின் பாதங்கள் தரையில் அழுந்தியிருந்தன. அவற்றுக்கு எதிரே இன்னும் இரண்டு பாதங்கள், விரல்கள் கீழே தொங்க. அவற்றுக்கும் தரைக்கும் நடுவில் வெயில் தடையில்லாமல் ஓடி, அந்தப் பக்கச் சுவரில் போய் நின்றது.

அந்த அறையில் தரை எப்போதுமே பள்ளம்தான். கட்டினவன் சரியாக மட்டம் பார்க்கவில்லை. உடற்பயிற்சி வேலை செய்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ரத்தம் ஓடினால் கால் நிற்கத்தான் செய்யும். ஸ்பானர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். மேலே மகள் "அம்மா, அம்மா, மெதுவா, எங்கம்மா போறீங்க?" என்று கேட்பது கேட்டது. தெருவுக்கு வந்து, நிமிர்ந்து பார்க்காமல், கடை இருந்த பக்கமாக நடந்தார்.